கடைசி வரி

முதல் இரவு
இரண்டு பிளாஸ்டிக் மூடிகளைக் கண்மேல் டேப் ஒட்டி அனுப்பினார்கள்.
துளை போட்ட மூடிகள், உப்புச் சிமிழ் மாதிரி.
தூக்கத்தில் கை தேய்த்துவிடக் கூடாதாம்.
என் கையை நானே நம்பாமல்
தலையணைக்கு அடியில் செருகிப் படுத்தேன்.
முடி கருகிய வாசனை மூக்கை விட்டுப் போகவில்லை.
கருகியது முடி இல்லை.

காலையில் வலது கை மேசையைத் துழாவிற்று,
முப்பத்தொரு வருஷப் பழக்கம்.
கண்ணாடி அங்கே இல்லை.
அதற்குள் எதிர்வீட்டுப் பால்கனியில்
உறைபனி பூத்த சைக்கிளின் கம்பிகளை
எண்ணத் தொடங்கியிருந்தேன்.
முப்பத்தாறு.
நம்பாமல் திரும்ப எண்ணினேன்.
முப்பத்தாறுதான்.

அந்த வாரம் எதையும் விடவில்லை.
அடுப்படி ஓடுகளின் இடுக்கு,
குளிக்கும்போதே என் கால்விரல்கள்,
சனிக்கிழமை சாவுனாவில், ஆவிக்கு நடுவே,
இருபது வருஷம் பக்கத்தில் வியர்த்தவர்களின் உடம்புகள்.
வெல்தாவின் அடிவயிற்றில் ஒரு நீளத் தையல்.
நான் பார்த்ததை அவள் பார்த்தாள்.
துண்டை இழுத்துக்கொண்டாள்.
அதுவரை நான்
அவளுக்கு வெறும் குரல்தான் என்று
எனக்குத் தெரியாது.

பிறகு இரவுப் பணி.
டிசம்பர் ரீகா, நாலு மணிக்கெல்லாம் இருட்டு.
டிராம் பாலத்தில் ஏறியது.
நிலா கோட்டை கட்டுவது உண்டு;
எட்டக் கட்டினால் கிட்ட மழை என்பார்கள்.
இங்கே தெருவிளக்கு ஒவ்வொன்றும் கோட்டை கட்டியிருந்தது,
மழை எந்தப் பக்கம் என்று யார் சொல்வது?
எதிர்க் கார்கள் முள்ளம்பன்றிகளாய் உருண்டு வந்தன.
சிவப்பு சிக்னல், ஈரத்தாளில் சொட்டிய மை.
அதற்கு நடுவே எங்கேயோ
தெருவைக் கடக்கும் ஓர் ஆள் இருக்கக்கூடும்.
பாலம் முழுக்க மணியை அடித்துக்கொண்டே போனேன்.
ஒரு கிழவர் முன்னால் வந்து கேட்டார்,
"யாருக்கம்மா கல்யாணம்?"

டாக்டர் வீட்டோல்ஸ் பலகையைக் காட்டினார்.
கடைசி வரியைத் தடுக்காமல் படித்தேன்.
"நூற்றுக்கு நூறு" என்றார்.
இரவைச் சொன்னேன்.
ஆறு மாதம் பொறுங்கள் என்றார்.
ஆறு மாதம் கழித்துப் போனால்
மூளை பழகிக்கொள்ளும் என்றார்.
அவர் மூக்கில் தடித்த கண்ணாடி.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

இப்போது பகல் பணி, இரவுப்படி இல்லாத சம்பளம்.
பையில் ஒரு புட்டிக் கண்ணீர்,
மணிக்கு ஒரு சொட்டு,
காசு கொடுத்து வாங்கியது.
டிப்போவில் வெங்காயம் நறுக்க
என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.

ஆர்வீட்ஸை அடக்கம் செய்த அன்று நல்ல காற்று.
கண்ணில் மணல் அறுத்தது.
ஒதுங்கி நின்று இரண்டு சொட்டு விட்டு நிமிர்ந்தால்
அவர் மனைவி ஸ்கைத்ரிதே எதிரே.
என் கன்னத்தில் வழிந்ததைத் தன் கையுறையால் துடைத்தாள்.
"உன்னைப் பற்றி அடிக்கடி பேசுவார்" என்றாள்.
பத்து வருஷம், ஷிப்ட் மாறும்போது
சாவியை மட்டும் கைமாற்றிக்கொண்ட மனிதர்.
என்ன பேசியிருப்பார்?
அப்போதுதான் தொண்டை அடைத்தது.
கண்ணுக்கு அந்தத் தகவல் போய்ச் சேரவில்லை.

திரும்பவும் செய்துகொள்வாயா என்கிறான் மகன் ராய்விஸ்.
அவனுக்கும் மைனஸ் ஐந்து.
காலையில் கேட்டால் செய்வேன்.
சாயங்காலம் கேட்காதே.

நேற்றுப் பனி விழுந்தது.
ஜன்னலில் நின்றேன்.
தெருவில் ஒவ்வொரு விளக்கும் தன் கோட்டைக்குள்,
வாசல் திறக்காமல்.
என் விரல் தானாக எழுந்து
மூக்கில் இல்லாத கண்ணாடியை மேலே தள்ளியது.
சத்தியமாகச் சொல்கிறேன்,
கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது.